நாயகன் பெயர் வைத்த பிள்ளை

தார்னூஃப் ஊரில் பள்ளிப் பாடமாக வைத்திருந்த அந்த ரோமாபுரி நாவலை யார்தான் முழுசாகப் படித்தார்கள்? சினிமாவைப் பார்த்தார்கள், கதைச்சுருக்கத்தை நெட்டுரு போட்டார்கள், ஆசிரியை கேட்டால் "காதல் ஒரு முரடனை மனிதனாக்கிய கதை" என்று ஒப்பித்தார்கள். கொர்னேலியாவும் அப்படித்தான். ஒப்பித்ததோடு விட்டாளா? பிறந்த பிள்ளைக்கு அந்த நாயகன் பெயரையே வைத்தாள். ஞானஸ்நானத்தன்று, கதையில் வரும் பெயரா என்று பாதிரியார் முகம் சுளித்ததையும் அவள் சட்டை செய்யவில்லை.

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவள். மருத்துவமனைச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தே காலம் ஓடிவிட்டது. ஐம்பதை நெருங்கும்போது ரோஷம் வந்து மாலைப் பள்ளியில் சேர்ந்தாள். பள்ளியிறுதித் தேர்வுக்கு அதே நாவல். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

மகனின் பெயர்நாள் வந்தது; அந்த ஊரில் அதையும் பிறந்தநாள் மாதிரி விருந்து வைத்துக் கொண்டாடுவார்கள். உப்பு மீனும் பாலாடைக்கட்டிக் கேக்கும் மேசையை நிறைத்திருந்தன. அவனுக்கு ஜூனில் கல்யாணம். மணப்பெண் சூசன்னா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தங்கமான பெண் மருமகளாக வந்துவிட்டால் போதும் என்பதுதான் கொர்னேலியாவின் ஆசையெல்லாம்.

தங்கை ஒதிலியா வோட்காக் கோப்பையைத் தூக்கினாள். "பாத்தியாக்கா, பேருக்கு ஏத்த மாதிரி காதலிச்சே கட்டிக்கப் போறான்!"

"அந்தப் பேச்ச எடுக்காதடி. நாவல்ல நேத்துதான் அந்த இடத்துக்கு வந்தேன். ஆசப்பட்ட பொண்ணு கைக்குச் சிக்கலேன்னு, அந்த நாயகன் சின்னதுல தன்னைத் தூக்கி வளர்த்த கெழட்டு அடிமைய விளக்கால மண்டையில அடிச்சே கொன்னுட்டான்! இத யாருமே எனக்குச் சொல்லலியேடி!"

"இதுக்கா இப்படி வெலவெலத்துப் போயிட்ட? அப்புறம்தான் அவன் அடியோட மாறிடுறானே. அவளும் மன்னிச்சுடுறா."

"செத்தவன் மன்னிச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். சூசன்னா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரும் அதத்தான் சொல்றாரு அத்தை. கல்யாணம் ஆயிட்டா மாறிடுவேன்னு."

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. அவள் கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். விரல்கள் அழுந்திய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியிருந்தது. கொர்னேலியா மகன் பக்கம் திரும்பினாள். இவனா? தன் வயிற்றில் பிறந்தவனா?

"சும்மா வாய்த்தகராறும்மா," என்றான் மகன், கேக்கை மென்றபடி. "இவ பெருசு பண்றா."

கொர்னேலியா எழுந்து இரண்டு கோட்டுகளை எடுத்துவந்தாள். ஒன்றைச் சூசன்னாவின் தோளில் போர்த்தினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? விருந்தாளிங்க இருக்காங்க."

"இவள இவங்க வீட்ல விட்டுட்டு வரேன். கல்யாணம் கிடையாதுன்னு இவங்கப்பாகிட்ட நான்தான் சொல்லணும். உன்னப் பெத்தவ நான்தானே."