தவக்காலத்தில் விட்ட மாத்திரை

மனச்சோர்வால் துறைமுக வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்த என் கணவர், மாத்திரை தொடங்கிய பிறகு மெல்ல எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். அப்போது தவக்காலம் வந்தது. எங்கள் வழக்கப்படி ஆளுக்கொன்றை ஒறுத்தோம். நான் டீயை விட்டேன். அவர் எனக்குச் சொல்லாமல் மாத்திரையை விட்டார். தலை சுற்றி, பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. "செரோடோனின்னு ஒண்ணு மூளைக்குள்ள சேதி கொண்டு போகும்மா. அதை வாங்கிக்கிற ஏற்பிகள் இந்த மருந்துக்குப் பழக வாரக்கணக்காகும். நடுவுல நிறுத்தினா எப்படி?" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாய்யா, ஆண்டவருக்கு மருந்தையா காணிக்கை குடுப்பே? பீடி கீதே, அத்த விடேன்!"

"அது கஷ்டமாச்சே."

"கஷ்டமா இருந்தாத்தான்யா ஒறுத்தல்!"

வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

அந்த ஏற்பிகளை வைத்தவரும் ஆண்டவர்தானே, அவை பழகும்வரை காத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் ஜெபமாலை முடிந்ததும் மாதா படத்தடியிலிருந்து மாத்திரையை எடுத்து நானே கொடுத்தேன்.

ஈஸ்டர் கழிந்து சில வாரங்களில், ஒரு காலை அடுப்படியில் வந்து நின்றார்.

"என் டிபன் பாக்ஸ் எங்க கீது?"