கட்டிலுக்கு அடியில் பத்து நாள்

எத்தனையோ இடங்களில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். பஸ் நிலையம், கோழிப் பண்ணை, ஒருமுறை ஓடுகிற லாரியின் தார்ப்பாய் மேல். ஆனால் இன்னொருவர் முகத்துக்கு நேர் கீழே பத்து நாள் கிடந்தது புனேயில் மட்டும்தான்.

எனக்கு அப்போது ஏழு வயது. கோந்த்வாவில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் ஹடப்சர் கம்பெனிகளுக்குச் சரக்கு டெம்போ ஓட்டினார். ஒரு நாள் அவர் வலது கண்ணில் பாதிக்குக் கறுப்பாகத் திரை இறங்கிவிட்டது. உள்ளே விழித்திரை கிழிந்து கழன்றிருக்கிறது என்று ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்பினார்கள். டாக்டரம்மா தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாராம். குமிழ் எப்போதும் மேலேதான் போகும்; விழித்திரை இருப்பது கண்ணின் பின்பக்கம். அதனால் பத்து நாள் முகம் தரையையே பார்க்க வேண்டும். அப்போதுதான் குமிழ் அதை அழுத்தி ஒட்டவைக்கும்.

அம்மா நாடாக் கட்டிலில் இரண்டு நாடாவைத் தளர்த்தி, முகம் வைக்க இடம் செய்தார். பேசாமல் இருக்கத் தெரியாத அத்தாவுக்காக நான் கீழே பாய் விரித்து மல்லாந்து படுத்தேன். டீயை ஸ்ட்ராவில் கொடுத்தேன். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை என் நெற்றியில் சொட்டும்.

"மழை பெய்யுதுத்தா."

"அப்ப டெம்போவுக்குத் தார்ப்பாயப் போடு, கழுத."

முதல் நாள், கட்டுப் பிரித்த கண்ணைப் பார்த்து நான் அழுதேன். "கண்ணு போயிருச்சாத்தா?"

"யாரு சொன்னா? வெரலக் காட்டு புள்ள."

நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "மூணு" என்றார். நான் காட்டியது இரண்டு. அவசரமாக இன்னொரு விரலை நீட்டினேன்.

"சரித்தா."

"டெம்போ சாவிய எடுத்து வையி," என்று அம்மாவிடம் சத்தம் போட்டார்.

அதன்பிறகு தினமும் காலையில் இந்தப் பரீட்சை. அவர் சொல்லும் எண்ணுக்கு விரலை நீட்டுவேன், மடக்குவேன். கண்ணை நானே குணமாக்குவதாக நினைப்பு.

ஒன்பதாம் நாள் தூக்கக் கலக்கம். என் கைகள் இரண்டும் முதுகுக்கு அடியில் இருந்தன.

"நாலு," என்றார் அத்தா.

கையை எடுக்காமலே, "சரித்தா" என்றேன்.

"ஜக்காஸ்," பிரமாதம் என்றார், மராத்திக்காரர் மாதிரி.

அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் திரும்பியது. டெம்போவை விற்றோம். அத்தா குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். எட்டாவதோடு நான் ஊர் சுற்றக் கிளம்பினேன். போன இடமெல்லாம் அவரை ஏமாற்றிய உறுத்தலும் கூட வந்தது.

வாயு கரையும்வரை விரலெல்லாம் தெரியாது என்று ஆஸ்பத்திரியிலேயே அவரிடம் சொல்லியிருந்தார்கள் என்பதை அம்மா வெகு காலம் கழித்துச் சொன்னார். மூன்று என்றும் நான்கு என்றும் அவர் சொன்னது என் அழுகையை நிறுத்தத்தான் என்பது கட்டிலுக்கு அடியில் கிடந்தவளுக்குத் தெரியவில்லை.