கூறைச்சேலை விளம்பரம்

தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடும் விளம்பரங்களை அப்பாவுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. காசு கொடுத்து வந்தவனைப் பிடித்து இருத்திவைத்துக் கடை கடையாகக் காட்டுகிறார்கள் என்பார். எனக்கோ அதுதான் படம். வவுனியாவின் கட்டில் மேசை விற்கும் தளபாடக் கடையும் மூக்குக்கண்ணாடிக் கடையும் கலியாண மண்டபமும் திரை முழுக்க விரியும்போது, சற்று முன் பஸ்ஸிலிருந்து பார்த்த அதே கடைகளா இவை என்று வாயைப் பிளந்துகொண்டிருப்பேன்.

எனக்குப் பத்து வயதானபோது அந்த வரிசையில் சின்னம்மாவும் சேர்ந்தார். அம்மாவின் தங்கை. கனகராயன்குளத்தில் எங்களோடு இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி வவுனியாவில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போய்வந்தார். கடை முதலாளி ஒரு விளம்பரம் எடுக்க நினைத்து, வெளியாளைப் பிடித்தால் செலவு என்று சின்னம்மாவையே மணப்பெண்ணாக நிறுத்திவிட்டார். சிவப்புக் கூறைச்சேலை, மாலை, தலை நிறையப் பூ. முகம் தெரியாத ஒருவரின் கைகள் தாலியைக் கழுத்தருகே கொண்டுவரும், மேளம் கொட்டும், கடையின் பெயர் விழும். இதெல்லாம் சின்னம்மா சொல்லித்தான் தெரியும். பார்க்காமலே பள்ளிக்கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்திருந்தேன்.

அம்மாவுக்கு அது பெருந்தலையிடி. கூறை என்பது மாப்பிள்ளை வீட்டார் கொடுத்து, கலியாணத்தன்று உடுப்பது. கலியாணமாகாத பிள்ளை அதை நடிப்புக்கு உடுப்பதே கூடாது. போதாததற்குக் கழுத்துக்குக் கிட்ட ஒரு தாலி, ஊர் பேர் தெரியாத கை. சின்னம்மாவுக்கு சுவிஸ் மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் பொருந்தியிருந்த நேரம் வேறு. அவர் காரில் சாய்ந்து நிற்கும் படம் எங்கள் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. தனக்கு இப்போது கலியாணம் வேண்டாம், வேலைக்குப் போகவே விருப்பம் என்று சின்னம்மா குசினிக்குள் தேங்காய் திருவியபடி சொன்னதை அம்மா வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். தற்செயலாகச் சந்தித்ததுபோல இரு வீட்டாரும் கும்பிட்டுவிட்டுப் போகலாம். பிடிக்காவிட்டால் யாருக்கும் மானக்கேடில்லை. ஆனால் முந்திய சம்பந்தம் ஒன்று அப்படிப் பார்த்து முறிந்தபோது, பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதனால் இந்தமுறை கலியாணப் புரோக்கர் வவுனியாத் தியேட்டர் ஒன்றைச் சொன்னார். இருட்டில் எப்படிப் பெண் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. விளம்பரம் ஓடுவதும் அதே தியேட்டரில்தான் என்பதைச் சின்னம்மா முதல்நாள் இரவுதான் சொன்னார்.

இனி மாற்ற முடியாது. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கிளிநொச்சியிலிருந்து வரும் மாப்பிள்ளையின் தாயையும் தமக்கையையும் அப்பா வாசலில் மறித்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, படம் தொடங்கிய பிறகே உள்ளே கூட்டிவர வேண்டும். விளம்பரத்திலிருந்து ஆட்களைக் காப்பாற்றும் வேலை. அப்பா சந்தோசமாக ஒப்புக்கொண்டார்.

நாங்கள் மூவரும் உள்ளே போய் இருந்தோம். விளக்கு அணைந்தது. தளபாடக் கடை வந்ததும் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எனக்கு ஒன்றுக்கு வருகிறதாம் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

வெளியே அப்பா இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தில் தொடங்கி நெல் விலை வரைக்கும் வந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார் ஆறிப்போன தேத்தண்ணியைப் பிடித்தபடி நின்றார். சின்னம்மா நேரே அவரிடம் போனார்.

"அம்மா, தொடங்கீட்டுது. உள்ளுக்கு வாங்கோ."

படம் தொடங்க இன்னும் நேரம் கிடக்கிறது, இப்போது வெறும் விளம்பரம்தான் என்று அப்பா பதறினார்.

"அதுக்கும் சேர்த்துத்தானே அத்தான் ரிக்கற் எடுத்தனீங்கள்."

நாங்கள் இருக்கவும் மேளம் கொட்டவும் சரியாக இருந்தது. திரை நிறையச் சின்னம்மா. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எழும்பி நின்று கைதட்டினேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் தாயார் திரையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த சின்னம்மாவைப் பார்த்தார். கூறையின் சிவப்பு வெளிச்சத்தில் முகம் நன்றாகவே தெரிந்தது.

"இது நீரோ பிள்ளை?"

"ஓம் அம்மா, நான்தான்."

இடைவேளையில், கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி அவர்கள் எழும்பினார்கள். வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மிச்சப் படத்தையும் பார்த்தோம். பகிடிக் காட்சிகளில் எங்கள் வரிசையில் சிரித்தது சின்னம்மா மட்டும்தான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா எங்கள் எல்லாரையும் விட்டு முன்னால் தனியாகப் போய் இருந்தார். சின்னம்மா என் பக்கத்தில் யன்னல் கரையில் இருந்தார். அவர்கள் ஏன் பாதியில் போனார்கள் என்று அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"விளம்பரம் பிடிக்கேல்லைப் போல," என்றுவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

இவ்வளவு வடிவான விளம்பரத்தைப் பிடிக்கவில்லை என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? ஆறுதலாக இருக்கட்டும் என்று, ஆசையாக மிச்சம் பிடித்து வைத்திருந்த கச்சான் கடலைச் சரையை அப்படியே அவர் மடியில் வைத்தேன். அவர் மறுக்காமல் எடுத்துக் கோதுடைத்து, வீடு வருவதற்குள் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

அழுகிற ஆளுக்கு எப்படி அவ்வளவு கச்சான் இறங்குகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.