மூன்று வரியும் ஒரு காதும்

சுமாரான படங்களைப் பற்றி எழுத ஆள் கிடையாது. நல்ல படம் வந்தால் ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடும். மோசமான படம் வந்தால் கேட்கவே வேண்டாம், கிழித்துத் தொங்கவிடுவதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருக்கும். நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. பார்த்து முடித்து டிவியை அணைத்தால், இவ்வளவு நேரம் எதற்கு உட்கார்ந்திருந்தோம் என்றே புரியாது. வீட்டில் எல்லோரும் படுத்துவிடுகிற ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எனக்கு வாய்த்தது அந்த ரகம்தான்.

நான் தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்குகிறவள். காலை எட்டு நாற்பது வண்டி, பின்பக்கத்து லேடீஸ் பெட்டி. அந்தப் பெட்டியில் தினமும் வருகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வண்டி தாமதமா, பிளாட்பாரம் மாறிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளத்தான் அதை ஆரம்பித்தார்கள். ஒரு திங்கட்கிழமை, முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றிச் சும்மா மூன்று வரி எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் "இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

நானே சட்டமும் போட்டுக்கொண்டேன். மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. கிண்டி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எழுதியதை மாற்றக் கூடாது. கடைசியில், என்ன வேலை செய்துகொண்டே பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். நட்சத்திரம் கொடுப்பதைவிட அது எங்கள் பெட்டிக்குச் சுலபமாகப் புரிந்தது.

அண்ணன் தம்பி படம் ஒன்றுக்கு இப்படி எழுதினேன்: "யாராவது இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இடைவேளைக்குள் சமாதானமாகியிருப்பார்கள். யாரும் பேசவில்லை, அதனால் படம் ஓடுகிறது. துணி மடித்துக்கொண்டே பார்க்கலாம்." ஏரிகளைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு: "ஐம்பது நிமிடத்தில் ஏரி வந்தது நாலு நிமிடம், மீதியெல்லாம் ஏரிக்காகக் கவலைப்படுகிறவரின் முகம். கவலை உண்மைதான், கேமராவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். கீரை ஆய்ந்துகொண்டே பார்க்கலாம்." ஒரு ராப் ஆல்பத்துக்கு: "பதினோரு பாட்டிலும் தன்னை யாராலும் அசைக்க முடியாது என்கிறார். யாரும் அசைக்க வந்ததாகத் தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம், குழாயை நன்றாகத் திறந்துவிட்டு."

ராப் பக்கம் என்னை இழுத்துவிட்டது பல்லாவரத்தில் ஏறுகிற என் தோழி. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பொழிச்சலூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வருவாள். மாம்பலத்தில் ஒரு துணிக்கடையில் பிளவுஸ் தைக்கிற வேலை. அவள் மகள் பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள், அங்கிருந்துதான் அம்மாவுக்குப் பாட்டெல்லாம் வந்து சேரும். எட்டு வருடமாகத் தாம்பரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் என் பையை வைத்து, பல்லாவரம் வரை அவளுக்காக இடம் பிடிப்பது என் வழக்கம். "யாராவது வராங்களா?" என்று கேட்பார்கள். "வராங்க" என்பேன். அதற்காகச் சானடோரியத்திலும் குரோம்பேட்டையிலும் எத்தனையோ பேரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

அவளிடம் ஒயர் வைத்த பழைய இயர்போன் ஒன்று இருந்தது. இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவளுக்கு. யார் அப்படிப் பிரித்தது என்று நினைவில்லை, ஒரு நாளும் மாறியதில்லை. மற்றக் காது சும்மா இருந்தால்தான் பேச்சும் நடக்கும்.

ஒரு நாள் ஏறி உட்கார்ந்ததுமே சொன்னாள். "அக்கா, இன்னைக்குப் படம் வேணாம். ஒரு பொண்ணு ராப் பாடிப் போட்டுக்கீது. எட்டு பாட்டு. கேட்டுட்டு எழுதுங்க."

"யார் பொண்ணு?"

"யாரா இருந்தா இன்னா? யாருன்னு சொன்னா மூணு வரியில ரெண்டு வரி நீங்க பாவம் பாப்பீங்க."

நியாயமான பேச்சாகப் பட்டது. வழக்கம்போல ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். கொஞ்சம் கரகரத்த, இளம் குரல். கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு வெறும் தாளம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடி கேள்வி, மறுபடி தாளம். எழுத வராமல் இடத்தை நிரப்புகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒன்றுமே இல்லாத அந்த இடங்களில் தோழி சிரித்தாள். அவள் பாட்டைக் கவனிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ வீட்டு ஞாபகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பரங்கிமலை வருவதற்குள் நாலு பாட்டுத்தான் கேட்டிருந்தேன். நாலு கேட்டால் போதாதா என்ற திமிரும் இருந்தது.

அவளை முன்னால் வைத்துக்கொண்டே எழுதினேன்: "ஒரு பெண்ணின் ராப் ஆல்பம். பாட்டுக்குப் பாட்டு கேள்வி கேட்கிறார்; பதில் வர வேண்டிய இடத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை. பூண்டு உரித்துக்கொண்டே கேட்கலாம்." கிண்டி வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். படியேறி மேலே போவதற்குள் குழுவில் சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

மறுநாள் பல்லாவரத்தில் அவள் வழக்கமான இடத்தில் இல்லை. வண்டி நிற்கும்போது பார்த்தேன், பிளாட்பாரத்தில் மூன்று நாலு பெட்டி முன்னால், இன்னொரு லேடீஸ் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். உடனே குனிந்து போனைப் பார்த்துக்கொண்டாள். என் பையைக் காட்டி ஒரு பெண் "யாராவது வராங்களா?" என்றாள். "இல்லை" என்று பையை மடியில் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாடிய பெண் அவளுக்கு வேண்டியவள் என்பதுவரை ஊகிக்க முடிந்தது. அதற்காக? எழுதச் சொன்னதும் அவள், பாவம் பார்க்காதே என்றதும் அவள். மூன்று வரி தாங்காதவர்கள் எதற்குப் பாட வேண்டும் என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனேன். ஆனால் திரிசூலம் தாண்டியதும் வலது பக்கம் யாரோ ஒருவர் தூங்கிச் சாய, எனக்கு அழுகை முட்டியது. ரயில் சிநேகிதத்துக்கு வீடு வாசல் கிடையாது. அவள் வீடு எந்தத் தெருவில் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு சீட் போனால் எல்லாம் போச்சு.

சனிக்கிழமை காலை, நான் எழுதியது சரிதான் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்வதற்காக, அன்று அவள் எனக்கு அனுப்பியிருந்த லிங்கில் அந்த ஆல்பத்தைத் திரும்பப் போட்டேன். இயர்போன் அவளுடையது, என்னிடம் இல்லை. போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, சத்தமாக ஓடவிட்டேன். கையில் நிஜமாகவே பூண்டு.

முதல் பாட்டு குக்கர் சத்தத்தில் போய்விட்டது. இரண்டாவது பாட்டு வந்தது. இந்த வரி எனக்கு ஞாபகம் இருந்தது.

"ஹாஸ்டல் ஜன்னல்ல நிக்கிறேன், ஜிஎஸ்டி ரோட்ல லாரி போவுது. நான் இங்க கீறேன், நீ எங்கம்மா கீற?"

பிறகு தாளம் மட்டும்தான் வர வேண்டும். அந்த இடத்தில் ஒரு குரல் பேசியது. பாடவில்லை, பேசியது.

"நான் ட்ரெயின்ல கீறேன். எங்க அக்கா சீட்டு புட்ச்சி வெச்சிருந்தாங்க. காத்து நல்லா வருது. நீ சாப்ட்டியா?"

அது யார் குரல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு வருடமாக என் வலது காதில் கேட்ட குரல். பூண்டைக் கீழே வைத்துவிட்டு என் கணவரின் இயர்போனைத் தேடி எடுத்தேன். இடது பக்கம் மட்டும் மாட்டினால் மகளின் கேள்வி, பிறகு வெறும் தாளம். வலது பக்கம் மட்டும் மாட்டினால் தாளம், பிறகு அம்மாவின் பதில். அந்தப் பெண் தன்னை ஒரு பக்கத்திலும் அம்மாவை மறுபக்கத்திலும் நிறுத்திப் பதிவு செய்திருக்கிறாள். எட்டுப் பாட்டும் அப்படியே. வீட்டில் ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். என் காதில் பாதிதான் விழுகிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பதில் வர வேண்டிய இடத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை." அதை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். எட்டையும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், இரண்டு காதில் கேட்டாலும் ஆல்பம் சுமார்தான். மூன்று பாட்டு அநியாயத்துக்கு நீளம்.

திங்கட்கிழமை பையை வைத்து இடம் பிடித்தேன். பல்லாவரத்தில் அவள் முன்னால் நிற்பது தெரிந்தது. வண்டி நின்றதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்தில் ஓடினேன். என் வயதில் சேலையோடு அப்படி ஓடக் கூடாதுதான். அவள் பெட்டியில் ஏறி, நெரிசலில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இடது காதுல மட்டும்தான் கேட்டேன்" என்றேன். "நீ வலதுல இருக்க."

அவளுக்குப் புரியவில்லை. பையிலிருந்து கணவரின் இயர்போனை எடுத்து, இரண்டாவது பாட்டை ஓடவிட்டு, இடது பக்கத்தை அவள் காதில் மாட்டச் சொன்னேன். கேட்டாள். பிறகு வலது பக்கத்தை மாட்டிக் கேட்டாள். திரிசூலமும் மீனம்பாக்கமும் போயின.

"அப்போ நான் பேசினது உங்களுக்குக் கேக்கவே இல்லியா?"

"இல்ல."

"என் பொண்ணு சிரிச்சிட்டாக்கா. அவங்க எழுதினா எழுதினதுதான், விடும்மான்னுட்டா. எனக்குத்தான் பேஜாரா பூட்ச்சி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எட்டு வருசமா அந்த சீட்ல உக்காந்துகினு வரேன். நீங்க சீட்டு புடிக்கிறதுக்கு ஒரு தபா கூட வாயத் தொறந்து எதுவும் சொன்னது இல்ல. பாட்டுலயாவது சொன்னேனேன்னு இருந்தேன். நீங்க அதுல ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டீங்க."

போனை எடுத்து நின்றபடியே எழுதினேன்: "போன வார ஆல்பத்தை ஒரு காதில் கேட்டுவிட்டுத் தவறாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். எட்டில் மூன்று பாட்டு நீளம், ஆனால் பதில் சொல்கிற அம்மாவின் குரலுக்காக இரண்டு காதிலும் கேட்க வேண்டும். பூண்டை அப்புறம் உரிக்கலாம்." அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன்.

நிதானமாகப் படித்தாள். "மூணு பாட்டு நீளம்னு போட்டே ஆவணுமா?"

"நீளம்தானே?"

கொஞ்சம் யோசித்தாள். "நீளம்தான். போடுங்க."

மறுநாள் குரோம்பேட்டையில் ஒரு பெண் என் பையைக் காட்டி, "யாராவது வராங்களா?" என்றாள். வராங்க என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். பல்லாவரத்தில் தோழி ஏறி உட்கார்ந்து இயர்போனைப் பிரித்தாள். இந்த முறை வலது பக்கத்தை என்னிடம் நீட்டினாள். இரண்டாவது பாட்டைப் போட்டாள். தாளம் ஓடியது, கேள்வி எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் குரல், எங்க அக்கா சீட்டு புட்ச்சி வெச்சிருந்தாங்க என்றது, காத்து நல்லா வருது என்றது, நீ சாப்ட்டியா என்று கேட்டது.

"சாப்ட்டேன்" என்றேன், வாய்விட்டு. பக்கத்தில் அவள் சிரித்தாள்.