பன்னிரண்டு நிமிட வீடியோவும் ஒரு பச்சை டிக்கும்

ஆன்லைன் பயிற்சிகளுக்கு வீடியோ தயாரிக்கும் வேலையில் பெங்களூரில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டேன். புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேமராவைப் பற்றிக் கேட்பார்கள், எடிட்டிங் பற்றிக் கேட்பார்கள். ஃபைல் சைஸைப் பற்றி யாரும் கேட்டதில்லை. என் வேலையில் நான் செய்த பெரிய தவறு அதில்தான் நடந்தது. அதனால் அதையே எழுதுகிறேன்.

ஆடிட்டுக்கு முன்

பொம்மசந்திராவில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை எங்கள் வாடிக்கையாளர். அங்கே தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மிஷினில் வேலை செய்கிறவர்களுக்காகப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ ஒன்று எடுத்துக் கொடுத்தோம். பன்னிரண்டு நிமிடம். லோகோ கொஞ்சம்கூட மங்கலாகத் தெரியக்கூடாது என்று அவர்களுடைய மார்க்கெட்டிங் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்று தீர்மானிக்கும் பிட்ரேட்டை ஏற்றி, ஃபுல் ஹெச்.டி.யில் எக்ஸ்போர்ட் செய்தேன். எழுநூறு எம்.பி.க்கு மேல் வந்தது. எங்கள் ஆபீஸ் வைஃபையில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தொழிலாளர்கள் வீட்டில், தங்கள் போனில், தங்கள் டேட்டாவில் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பத்து நாள் கழித்து அங்கே சேஃப்டி ஆபீசராக இருந்த மஞ்சுநாத் கூப்பிட்டார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"மேடம், பாதிப் பேருக்கு வீடியோ ஓடவே மாட்டேங்குது. சுத்துது, நிக்குது. கம்ப்ளீட்னு ஏற மாட்டேங்குது. அடுத்த வாரம் ஆடிட் இருக்கு. ஏதாவது பண்ணுங்க ப்ளீஸ்."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரெசல்யூஷனையும் பிட்ரேட்டையும் குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். ஆனால் லோகோ மங்கும், மார்க்கெட்டிங்கில் திரும்ப ஒப்புதல் வாங்க வேண்டும், இழுக்கும். கையில் இன்னும் இரண்டு கோர்ஸ்கள் வேறு இருந்தன. வீடியோவை ஏற்றியிருந்த பயிற்சித் தளத்தின் செட்டிங்கைத் திறந்தேன். கடைசி வரை பார்த்தால்தான் முடிந்ததாகப் பதிவாகும் என்று இருந்ததை, பக்கத்தைத் திறந்தாலே முடிந்ததாகப் பதிவாகும் என்று மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

ஆடிட்டுக்கு முந்தைய நாள் எல்லார் பெயருக்கும் எதிரே பச்சை டிக் விழுந்திருந்தது. "சூப்பர் மேடம், ஆயித்து" என்று மஞ்சுநாத் மெசேஜ் அனுப்பினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர்கள் கேட்ட ரிப்போர்ட்

இரண்டு மாதம் கழித்து மஞ்சுநாத்திடமிருந்து ஒரு மெயில். செல்வி என்ற பிரஸ் ஆபரேட்டருக்கு மிஷினில் கை மாட்டி விபத்து. விசாரணை நடக்கிறது, அவர் பயிற்சியை முடித்ததற்கான ரிப்போர்ட் வேண்டும் என்று இருந்தது.

ரிப்போர்ட்டில் செல்வியின் பெயருக்கு எதிரே பச்சை டிக் இருந்தது. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. யார் எத்தனை முறை, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று பதிவாகும் சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். நான்கு முறை திறந்திருக்கிறார். அதிகபட்சமாக ஓடியது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. மிஷினுக்குள் தகடு சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்பதாவது நிமிடத்தில் வருகிறது.

என் மேனேஜர் பிரகாஷிடம் லாகைக் காட்டினேன்.

"அவங்க கேட்டது கம்ப்ளீஷன் ரிப்போர்ட். அத அனுப்புங்க. லாக யாரும் கேக்கல இல்ல?"

"சார், அந்தம்மா வீடியோவே பாக்கல."

"செட்டிங்க மாத்துனது யாரு?"

ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினேன். இரண்டு வாரம் அப்படியே போயிற்று.

செக்யூரிட்டி அறையில்

அந்தத் தொழிற்சாலை இன்னொரு வீடியோ கேட்டது. கவனக்குறைவால் வரும் விபத்துகள் பற்றி. ஷூட்டிங்குக்கு இடம் பார்க்கப் போனேன். கேட் பாஸுக்காகச் செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையில் பெரிய கட்டு. செக்யூரிட்டிக்காரர் "செல்விம்மா, ஹெச்.ஆர். இன்னும் வரல, உக்காருங்க" என்றார்.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ரெண்டு வெரல் போச்சு மேடம். மத்தது மடங்கல." பிறகு அவராகவே சொன்னார்: "என் மேலதான் தப்பு. ட்ரைனிங் குடுத்தும் கவனமில்லாம கைய விட்டுட்டேன்னு எழுதி இருந்தாங்க. கையெழுத்து போட்டுட்டேன். இடது கையால."

"ட்ரைனிங் வீடியோ பாத்தீங்களா?"

"பொம்மனஹள்ளி வீட்ல டவரே வராது மேடம். மொட்ட மாடிக்குப் போயி மூணு தடவ பாத்தேன். சுத்திக்கிட்டே இருந்துச்சு. பொண்ணு படிக்கிற டேட்டாவும் தீந்துபோச்சு. நாலாவது தடவ தொறந்ததும் பச்ச டிக் வந்துடுச்சு. சரி, முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிட்டேன். எனக்குத்தான் போன் சரியா பாக்கத் தெரியல போல."

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த வீடியோ நான் செஞ்சது. அந்த டிக் வர்ற மாதிரி மாத்துனதும் நான்தான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்: "அதுல என்ன மேடம் இருந்துச்சு?"

சொன்னேன். தகடு சிக்கினால் முதலில் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். யாரும் திரும்பப் போடாதபடி அதற்குப் பூட்டுப் போட வேண்டும். அப்புறமும் கையை விடக் கூடாது, நீளக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும்.

"கொக்கியா?" என்றார். "அது என் மிஷின் பக்கத்துலயே தொங்குச்சே மேடம். எதுக்குன்னு யாரும் சொல்லல."

அதுவரை அழாதவர் அப்போது அழுதார். நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக மஞ்சுநாத்தின் அறைக்குப் போய், என் லேப்டாப்பிலிருந்து லாகை எடுத்துக் கொடுத்தேன். செட்டிங்கை மாற்றியது நான் என்று என் கைப்பட எழுதியும் கொடுத்தேன்.

"இத குடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம் மேடம்" என்றார்.

"தெரியும் சார்."

"அன்னிக்கு ஏதாவது பண்ணுங்கன்னு கேட்டது நான்தான், அதையும் எழுதிக்கிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

செல்வியின் ஃபைலில் இருந்த கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்தார்கள். அவரை இன்ஸ்பெக்ஷன் பிரிவில் உட்கார வைத்தார்கள். அந்தத் தொழிற்சாலை எங்களுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியது, பிரகாஷ் வேலையைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவை பெரிய விஷயமில்லை. செல்விக்குக் கை வலி தீரவில்லை. நான்கு மாதம் இருந்து பார்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தருமபுரிப் பக்கம் ஊருக்கே போய்விட்டார். ஒரு முறை போனில் பேசினேன். "நீங்க நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று முதலில் கேட்டது அவர்தான்.

அந்த வீடியோவை நான் பிறகு சின்னதாக எக்ஸ்போர்ட் செய்தேன். நாற்பத்தைந்து எம்.பி. மொத்தம் அரை மணி நேரம் ஆனது. லோகோ கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. கொக்கி தெளிவாகத் தெரிந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வீடியோ ஓடவில்லை என்று யாராவது சொன்னால், விலை குறைந்த ஒரு போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் சரியாக வராத இடத்துக்குப் போய், கடைசி நிமிடம் வரை நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள். குறைக்க வேண்டியது ஃபைல் சைஸை. நான் அன்றைக்கு அதை விட்டுவிட்டு கடைசி வரை பார்க்க வேண்டும் என்ற விதியைக் குறைத்தேன்.