மாட்டு ஏப்பம் அளந்த கதை

மேய்ச்சல் நிலத்தில் காற்றை அளக்கும் வேலைக்கு வந்தால், காற்றைத் தவிர மற்ற எல்லோரோடும் சண்டை போட வேண்டியிருக்கும்.

ஒரத்தநாட்டுப் பக்கம், பால் மாடுகள் மேயும் ஒரு கொல்லையின் நடுவே கம்பம் நட்டு, உச்சியில் இரண்டு கருவிகளை மாட்டியிருந்தோம். காற்று மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று ஒன்று பார்க்கும். அந்தக் காற்றில் கரியமில வாயுவும் மீத்தேனும் எவ்வளவு என்று மற்றது பார்க்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மாடு மேயும் நிலம் எதை விழுங்குகிறது, எதைக் கக்குகிறது என்று தெரிந்துவிடும். பூமி சூடாவதற்கு மாடும் காரணமா என்ற வழக்கில் இந்தக் கம்பம் ஒரு சாட்சி. அந்தச் சாட்சிக்குக் காவல் நான். கருவிக்குக் குடை பிடித்துவிட்டு, தாங்கள் வெயிலில் காய்ந்தவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு என் ஆத்திரம் புரியாது.

மாடு இல்லாத மேய்ச்சல்

கம்பம் நட்ட புதிதில், கருவிகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு கலப்பினப் பசு, கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் சுகமாகக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. கம்பம் லேசாக ஆடியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. கம்பத்தைச் சுற்றி வேலி போட்டால் போதும் என்றேன். அவருக்குப் போதவில்லை. கொல்லைக்குள் மாடே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

மாடு மேய்க்கும் முருகையன் தலையில் அடித்துக்கொண்டு மந்தையை ஓட்டிப் போனார். நான் வெறும் புல்லை அளந்தேன். மேலிடத்தோடு மல்லுக்கட்டி வேலியும் போட்டு, மாடுகளைத் திரும்பக் கொண்டுவருவதற்குள், மழை பெய்து புல் தழைத்திருந்த நல்ல நாட்கள் எல்லாம் வீணாகிவிட்டன. போனில் இதைச் சொன்னபோதும் அதிகாரி அசரவில்லை.

"மாடு மேயுறதத்தான அளக்கிறீங்க? அதை வேற எங்கயாச்சும் மேய விடுங்க, நீங்க இங்க அளங்க."

சிவப்புக் கொடி

மாட்டு மூத்திரம் விழுந்த மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். மீத்தேனைவிடப் பொல்லாத வாயு அது. எங்கள் கம்பத்துக் கருவிக்கு அது அகப்படாது. அதனால் மாட்டின் பின்னாலேயே நடந்து, அது பெய்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி நட்டு, மண்மேல் மூடியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ரோட்டில் பைக்கை நிறுத்தி யாரோ இதை வீடியோ எடுத்துவிட்டார்கள். "எம்.டெக். படிச்சும் இந்த நிலைமை" என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட, அது சுற்றிச் சுற்றி பாபநாசத்தில் இருக்கும் என் பெரியம்மா வரைக்கும் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையே வெளிநாட்டில் கோட் போட்டுக்கொண்டு செய்திருந்தால் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள்! போனில் பெரியம்மாவுக்கு வாயு, மண், நுண்ணுயிர் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி ஜெசி. ஞாயித்துக்கிழமை கோயில்ல யாராச்சும் கேட்டா, ஆபீஸ் வேலைன்னு மட்டும் சொல்லிக்கவா?"

பந்தல்

ஆடி மாதத்தில் ஒரு பெரிய விருந்தினர் பார்வையிட வந்தார். "மேற்கே பந்தல் போடாதீங்க, காத்து அங்கேருந்துதான் வருது. அங்க என்ன இருக்கோ அதைத்தான் கருவி மோந்து பாக்கும்" என்று கெஞ்சினேன். ரோடு மேற்கேதான் இருக்கிறது என்று சொல்லி அங்கேயே போட்டார்கள். பந்தலுக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். அதற்குப் பின்னால் ஏ.சி.யை அணைக்காத கார்கள். விருந்தினர் வேட்டியில் சாணி படக் கூடாதே என்று மாடுகளைக் கொட்டகையில் கட்டிவிட்டார்கள்.

கருவியின் அளவைக் காட்டும் திரையில் கரியமில வாயுவின் கோடு விறுவிறுவென்று ஏறியது. விருந்தினர் அதைச் சுட்டிக்காட்டி, "பாருங்க, மாடு எவ்வளவு வாயு விடுதுன்னு!" என்றார். நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். "ஐயா, அது ஜெனரேட்டர் புகை. மாடெல்லாம் கொட்டகையில நிக்குது" என்று சத்தமாகவே சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. எங்கள் திட்டத் தலைவர் காதில் மட்டும் விழுந்தது. என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"பெரியவங்க சொன்னது சொன்னதா இருக்கட்டும் ஜெசிந்தா. ஜெனரேட்டர நாளைக்குக் கணக்குல கழிச்சுக்கலாம்."

ஏப்பம்

மறுநாள் பேப்பரில் "தஞ்சை மண்ணைச் சூடாக்கும் மாடுகள்" என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. இனி மாடு வளர்க்கத் தடை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டு மாடு வைத்துப் பால் சொசைட்டியில் ஊற்றும் ராணியக்கா, பால் கேனோடு நேராக என்னிடம் வந்து நின்றார். "நீ அளந்து குடுத்துத்தான் போட்டாங்களாமே?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. மாட்டு ஏப்பத்தில் மீத்தேன் வருவது நிஜம்தான், புல் கரியமில வாயுவை விழுங்குவதும் நிஜம்தான், முழுக்க அளந்து முடிக்காமல் எதையும் தீர்த்துச் சொல்ல முடியாது, பேப்பரில் வந்தது ஜெனரேட்டர் புகை என்று சொன்னேன். "அப்ப அதை ஏன் போடல?" என்றார் அவர். அன்றைக்கே தலைவர் அறைக்குப் போய், மறுப்பு அனுப்புங்கள், இல்லையென்றால் திட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சம்மதிக்கும்வரை அறையை விட்டு நகரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். உள்பக்கத்தில், பூ விலைக்குக் கீழே, பொடி எழுத்தில் மறுப்பு வந்தது. சொசைட்டி வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் படித்துக் காட்டினேன். ராணியக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"கார்ல வந்தவங்க பொகை விட்டா மரியாதை, எம் மாடு ஏப்பம் விட்டா குத்தமா?"

இந்தத் தொழிலில் மாடு ஏப்பம் விட்டுவிட்டு நிம்மதியாக அசைபோடுகிறது, பெருமூச்சு விடுவதெல்லாம் நாங்கள்தான், அதை அளக்க இன்னும் யாரும் கம்பம் நடாதது எங்கள் அதிர்ஷ்டம்.