பாட்டரியிலிருந்து ஒரு சாண்

பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி ஒதுக்கியாயிற்று. பிளஸ் முனையில் கட்டைவிரலை ஊன்றிக் கையை அகல விரிக்கிறாள். சுண்டுவிரல் எங்கே முடிகிறதோ, அங்கே பக்கத்துத் தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரில் ஃபியூஸ் அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம்கூடப் போகாது, காரின் சொந்தக்காரர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் சரி.

தெருவே அவளை ஃபியூஸக்கா என்றுதான் கூப்பிடுகிறது. இரண்டு கார்கள் இடித்துக்கொண்டு நிற்கும் கொட்டகையில் பதினாறு வருஷமாகக் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறாள். மாட்டி முடித்ததும் பாட்டுப் போட்டுப் பார்ப்பதில்லை. ரேடியோவில் செய்தி வைப்பாள். "பாட்டுப் போட்டா நானே ஆட ஆரம்பிச்சிடுவேன், இரைச்சல் இருந்தா காதுல விழாது." நன்றாகவே ஆடுவாள் என்று கணவன் சாட்சி சொல்கிறான்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: "ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே அக்கா, இன்னொண்ணு எதுக்கு?"

"அது ஆம்புக்கு. இந்தப் பதினஞ்சடி வயருக்கு யாரு இருக்கா?"

அறுபது ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு நூறு போடு என்று வருகிறவரிடம் வயரின் தடிமனைக் காட்டுவாள். "இது தாங்குறது அறுபதுதான். நூறு போட்டா ஃபியூஸு பொழைச்சுக்கும், வயரு எரிஞ்சிடும்." இருக்கிற ஸ்பீக்கரையெல்லாம் ஒரே வண்டியில் ஏற்றி, அடிக்கடி எரிந்துபோகும் ஃபியூஸுக்குப் பதில் வாங்க நடந்தே தேய்ந்த விளம்பர வேன்காரருக்கு மட்டும், விழுந்தால் விரலால் தூக்கிவிடுகிற பிரேக்கர் மாட்டியிருக்கிறாள். அதுவும் கோட்டுக்குள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர் கொட்டகைக்கு முன்னால் காரை நிறுத்தினார். இரண்டு நாள் வீடியோ பார்த்து, தன் கையாலேயே ஆம்ப் மாட்டியிருந்தார். மறுநாள் காலையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு எட்டு மணி நேரப் பயணம். கதவெல்லாம் அதிரப் பாட்டு. அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு தடவை அவர் மாட்டிய கடிகாரம் கோணல் என்று இவள் சொன்னதற்கு, ஆறு மாதம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கூட வந்திருந்த அக்கா இவள் காதோடு காதாக, "நல்லா இருக்குன்னு சொல்லிடுடி" என்றாள்.

டிக்கியைத் திறந்தாள். ஃபியூஸ் இருந்தது, ஆம்புக்குப் பக்கத்தில், பார்க்க அழகாக. பானெட்டைத் திறந்து, கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டுக் குனிந்தாள். வயர் இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாகக் காருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லை. மேல்தோல் உரசி, உள்ளே செம்பு மினுக்கியது. அத்தான் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் வராமல் இருந்தால் இருக்கட்டும். திரும்பி வருவதற்கு ஆள் இருக்க வேண்டும்.

முதலில் மைனஸைக் கழற்றினாள். பாட்டு நின்றது.

"அத்தான், வேலை சுத்தமா இருக்கு. ஃபியூஸை மட்டும் முன்னாடி கொண்டு வரணும்."

"எங்க இருந்தா என்ன? அதே வயர்லதானே இருக்கு?"

"இந்த இடத்துல வயரு வண்டி பாடியில ஒட்டிக்கிச்சுன்னா, டிக்கியில இருக்கிற ஃபியூஸுக்குச் சேதியே போகாது. பாட்டரி நிறுத்தாம கொடுத்துக்கிட்டே இருக்கும். நடுவுல பிள்ளைங்க உக்காந்திருக்கும்."

அத்தான் முகம் சிவந்தது. அக்கா தரையைப் பார்த்தாள். அவர் குனிந்து, செம்பு தெரிகிற இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகள் பின்சீட்டில் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து, அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

அவள் புது வயரையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவந்து வேலையைத் தொடங்கினாள். அத்தான் சுற்றிவந்து அவள் பக்கத்தில் நின்று, கம்பி தாங்கிக்கொண்டிருந்த பானெட்டைத் தானும் ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.